பின்சீட்டில் பெய்யாத மழை

கழிமங்கலத்தில் ஒன்பது வருஷமாக வைரக்கண்ணுவின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் மட்டும் மழை பெய்வதில்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை, அந்த மழை கடலில் புறப்பட்டுக் கழியைத் தாண்டி, உப்பளத்தில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் கரைத்து, கோயில் குளத்தைப் படிக்கட்டு தெரியாமல் நிரப்பி, நாய்களைப் பள்ளிக்கூடத்துக்குள் விரட்டி, கடைசியில் வண்டி ஓட்டிப் போகிற வைரக்கண்ணுவின் தலையில் குடம் குடமாகக் கொட்டும். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு இடம், சித்திரை மத்தியானம் மாதிரி காய்ந்து கிடக்கும். கையை அதற்குள் நீட்டினால் காயும், வெளியே எடுத்தால் நனையும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் கழிமங்கலத்துக்காரர்கள் கேட்பார்கள். கடலை ஒட்டியே இருந்தும் உப்புக் கரிக்காத கிணறு ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறது, அதைப் பார்த்து யார் வாயைப் பிளக்கிறார்கள்?

முதலில் கண்டுபிடித்தது கருவாடு விற்கிற அஞ்சம்மாள். சோமு டீக்கடை வாசலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அங்கே நின்றிருந்த வண்டியின் பின்சீட்டில் வைத்துவிட்டு ஓடி ஒதுங்கினாள். அரைமணி கழித்து வந்து பார்த்தால் கூடைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் மழை, கருவாடு மட்டும் முன்னைவிட நன்றாகக் காய்ந்திருந்தது. அவள் கத்தவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த வைரக்கண்ணுவைப் பார்த்து, நாளைக்கும் வண்டியை இங்கேதான் நிறுத்துவீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் ஊர் சும்மா விடுமா? வெயிலில்லாத மாதத்தில் பிழிந்த வடாம் வந்தது, துவைத்துப் போட்ட பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன, அரையாண்டுப் பரீட்சையின் கேள்வித்தாள் கட்டு வந்தது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோய் ஐப்பசி முகூர்த்தமென்றாலே அழாத குறையாகத் திரிந்த தவில்காரர் திருநாவுக்கரசு, தவிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வைரக்கண்ணுவின் பின்னால் உட்கார்ந்து போய், கல்யாணப் பந்தலில் இறங்கிய உடனே ஒரு தட்டுத் தட்டி அது கணீரென்று பேசியதைக் கேட்டுக் கண் கலங்கினார். பிறந்து மூன்று நாளான பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து நனையாமல் வீட்டுக்கு வந்தன. கார்த்திகை தீபத்தன்று சிவன் கோயிலிலிருந்து சொக்கப்பனை கொளுத்தும் திடல்வரை பந்தம் அணையாமல் போனதும் அந்தச் சீட்டில்தான். யாருக்கு எப்போது முறை என்று சோமு டீக்கடையில் ஒரு சிலேட்டு தொங்கியது. வடாத்துக்கு அப்புறம் கருவாடு வைக்கலாம், கருவாட்டுக்கு அப்புறம் வடாம் வைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். கருவாட்டுக்கு அப்புறம் கல்யாணப்பெண்ணை ஏற்றலாமா என்பதைப் பற்றிச் சட்டம் போட மறந்துவிட்டார்கள். ஒரு பெண் கருவாட்டு வாசனையோடு மணவறை ஏறினாள், மாப்பிள்ளை வீட்டார் நாலு தலைமுறையாகக் கடலில் போகிறவர்கள் என்பதால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

காரணமும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். வருண பகவான் போன ஜென்மத்தில் வைரக்கண்ணுவிடம் கைமாத்தாக ஏதோ வாங்கியிருக்க வேண்டும் என்றார் குருக்கள். ஓட்டுகிறவரின் முதுகு காற்றைப் பிளப்பதால் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது என்றார் தலைமையாசிரியர். வண்டி நிற்கும்போதும் அப்படித்தானே இருக்கிறது என்று சோமு கேட்டதற்கு, அது வேறு பாடம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். எல்லாரும் ஒத்துப்போன காரணம் ஒன்று உண்டு. வைரக்கண்ணு புண்ணியவான், அவ்வளவுதான். தெருவில் போனால் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு அப்படித்தான் அவரைக் காட்டினார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் செருப்புக்குள் முள் ஏறியதுபோல வைரக்கண்ணு ஒரு கணம் நடை தடுமாறுவார். அந்தச் சீட்டில் மழை எந்த நாள், எந்த ஊரில், எந்த வார்த்தையைக் கேட்டு நின்றுபோனது என்பது அவருக்குத் தெரியும்.

வைரக்கண்ணு டெலிபோன் லைன்மேன். அவருடைய சிநேகிதர் கலியமூர்த்தி அதே ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கலியமூர்த்திக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் வாய்க்கும் காதுக்கும் எந்தக் குறையும் இல்லை, ஊரில் பாதிப் பேர் அவர் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனார்கள். மழைக்காலத்தில் கம்பி அறுந்தால் வைரக்கண்ணு கம்பத்தில் ஏறி, அறுந்ததை ஒட்டி, கையிலிருக்கும் போனைக் கொக்கியால் அந்தக் கம்பியில் மாட்டி, "கேக்குதா?" என்பார். எக்ஸ்சேஞ்சுக்குள் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற கலியமூர்த்தி, "கேக்குது" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்கள், இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று கணக்கில்லை.

கழிமங்கலத்தை விட்டு எங்கேயும் போகாத கலியமூர்த்திக்குக் கடற்கரை முழுதும் அத்துபடி. முத்துப்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று பாம்பன் வரைக்கும் ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரின் குரலும் தெரியும், அதைவிட நன்றாக ஒவ்வொரு ஊர் மழையும் தெரியும். ட்ரங்க் கால் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழை கம்பி வழியாக வந்து அவர் காதில் விழும். அதிராம்பட்டினத்து மழை ஓட்டுக்கூரையில் கடலை வறுக்கும், மல்லிப்பட்டினத்தில் காய்கிற வலை மேல் விழுந்து பெருமூச்சு விடும், மீமிசலில் உப்புத்தண்ணீரில் விழுந்து சத்தமே இல்லாமல் கரையும். தொண்டியில் மட்டும் மழை இரண்டு தடவை பெய்யும் என்பார் கலியமூர்த்தி. முதலில் தகரக்கூரையில், அப்புறம் கூரையிலிருந்து வழிந்து கீழே கவிழ்த்துப் போட்டிருக்கிற படகின் வயிற்றில். இதையெல்லாம் ஒரு தடவையாவது நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஐப்பசிக் கடைசியில், மழை நன்றாகப் பிடித்த பிறகு, வைரக்கண்ணுவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பாம்பன் வரைக்கும்.

அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். புரட்டாசி பிறந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வைரக்கண்ணு வீட்டுக்கு வந்துவிடுவார், இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து விடிய விடியப் பேசாத குறையாகப் பயணத்தைப் போடுவார்கள். ஊன்றுகோலை வண்டியில் எந்தப் பக்கம் கட்டுவது, கயிறா பழைய ட்யூபா, ஸ்பேர் பிளக்கு எத்தனை, தீப்பெட்டியை எந்தப் பாலித்தீன் பையில் போடுவது, எந்தக் கடையில் இறங்குவது, எந்தக் கடையில் படி உயரம் என்பதால் இறங்காமலே டீயை வாங்கிக் குடிப்பது. தொண்டிக்கு மட்டும் ஒரு தனிப் பக்கம். 'இங்கே மழை விடும்வரை நிற்கவும். அவசரப்பட வேண்டாம்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். இப்படி ஏழெட்டு வருஷம் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு வருஷம் ஐப்பசி இருபத்தாறு என்று தேதி குறித்து, லீவு எழுதிக் கொடுத்து, மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டும் வாங்கிவிட்டார். நோட்டை வைரக்கண்ணுவிடம் கொடுத்து, நீயும் ஒரு தடவை படித்து வைத்துக்கொள் என்றார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் வைரக்கண்ணுவின் மச்சான், அதாவது சம்சாரத்தின் தம்பி கோவிந்தராசு, சிங்கப்பூரிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்து இறங்கினான். இரண்டு காலும் நன்றாக இருக்கிறவன், தாவி ஏறுவான், தாவி இறங்குவான். வண்டியைப் பார்த்ததும், கடலோரமாக ஒரு சுற்றுப் போய்வரலாமா மச்சான் என்று கேட்டான். வைரக்கண்ணு கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, கெட்டவர்களுக்கு எல்லாச் சீட்டிலும் மழை ஒழுங்காகப் பெய்கிறது. அவர் கொஞ்சம் அலுப்புப்பட்டார், அவ்வளவுதான். ஒவ்வொரு டீக்கடையிலும் கலியமூர்த்தியை அக்குளில் கை கொடுத்து இறக்க வேண்டும், சேற்றில் ஊன்றுகோல் வழுக்காமல் கூடவே நடக்க வேண்டும், பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், இரண்டு நாள் இதே வேலை. கலியா எங்கே போய்விடப் போகிறான், அடுத்த வருஷம் கூட்டிப் போனால் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மாமியாரைத் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கலியமூர்த்தியிடம் போய்ச் சொன்னார். அந்த நேரத்தில் மாமியார் மகன் வந்த சந்தோஷத்தில் ஒரு தவலை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி, முதலில் அதைப் பார் என்று சொல்லி, லீவை ரத்து செய்துகொண்டு வேலைக்குப் போனார். வைரக்கண்ணு அவருடைய நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மச்சானோடு கிளம்பினார்.

கலியமூர்த்தி சொன்ன கடையில் சொன்னதைத் தின்று, சொன்ன இடத்தில் நின்று, தொண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை ஊற்றியது. ஒரு டெலிபோன் பூத்தில் ஒதுங்கினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை, வைரக்கண்ணுவுக்கு அங்கே நிற்க முடியவில்லை, கலியாவின் குரலைக் கேட்டு அதில் சந்தேகம் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டால்தான் ஆகும் போலிருந்தது. அந்த வருஷம்தான் எக்ஸ்சேஞ்சில் போர்டை எடுத்துவிட்டு மெஷின் வைத்திருந்தார்கள், போர்டில் இருந்த கலியமூர்த்தி புகார் எழுதும் மேஜைக்குப் போயிருந்தார். போன் எங்கிருந்து வருகிறது என்று இனி ஆபரேட்டருக்குத் தெரியாது, அந்தத் தைரியத்தில் நம்பரைச் சுழற்றினார். கலியமூர்த்தி மாமியார் உடம்பை விசாரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம், "அங்க மழ எப்புடிடா?" என்றார். வைரக்கண்ணுவின் தலைக்கு மேலே தகரம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இங்க பொட்டு மழ இல்லடா" என்றார்.  பிறகு கலியமூர்த்தி, சரி, பார்த்து வா என்று வைத்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் கட்டுமாவடி தாண்டும்போது பின்னாலிருந்து மச்சான் முதுகைத் தட்டி, என்ன மச்சான், என் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லையே என்றான்.  வைரக்கண்ணுவின் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிப் பிழிந்தால் ஊற்றுகிற மாதிரி நனைந்திருந்தது.

ஊருக்கு வந்ததும், நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் அஞ்சம்மாள் கூடையை வைத்துவிட்டாள், சிலேட்டு தொங்கிவிட்டது, அவர் புண்ணியவான் ஆகிவிட்டார். ஒவ்வொரு புரட்டாசியிலும் கலியமூர்த்தி நோட்டோடு வந்தார். ஒவ்வொரு புரட்டாசியிலும் வைரக்கண்ணு சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தொண்டிப் பக்கம் வந்ததும் கலியமூர்த்தி பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தொண்டியில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்பார். வைரக்கண்ணு மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, நீயே போட்டுக்கொள் என்பார். கலியமூர்த்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை மூடிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போவார். ஐப்பசி வந்தால் வைரக்கண்ணுவின் வண்டிக்கு ஏதாவது வந்துவிடும், இல்லையென்றால் புயல் சின்னம் வந்துவிடும், மகள் கல்யாணம் வந்துவிடும். சரி, அடுத்த ஐப்பசி பார்த்துக்கொள்ளலாம் என்று கலியமூர்த்தி நோட்டைச் சுருட்டிக்கொண்டு போவார். ஊரெல்லாம் ஏறி உட்கார்ந்த அந்தச் சீட்டில் அவர் மட்டும் ஒரு மழையிலும் உட்கார்ந்ததில்லை, யார் கூப்பிட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு நனைந்துகொண்டே நடந்து போவார்.

இந்த வருஷம் புரட்டாசி முதல் தேதியே வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஹெட்போன் மாட்டியதில் வலது காது முன்பே போய்விட்டது, இப்போது இடது காதும் மங்கிக்கொண்டு வருகிறது, தைப் பொங்கலுக்குள் சுத்தமாக அடைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதை, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இந்த வருஷம் போவலன்னா, அடுத்த வருஷம் நான் மழைய வேடிக்கதான் பாக்கணும் வைரம்" என்றார்.

வைரக்கண்ணு உடனே, போகலாம், ஐப்பசி இருபத்தாறு என்றார். சத்தமாகச் சொன்னார், கலியமூர்த்திக்கு ஒரு வார்த்தை தப்பக்கூடாது என்பதற்காக. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஊர் மழையெல்லாம் கேட்பதற்காகப் போகிறவன், மழையே பெய்யாத இடத்தில் உட்கார்ந்து போகப் போகிறான். அவனைச் சுற்றி ஒரு முழ தூரத்தில் எல்லா மழையும் பெய்யும், அவன் மங்கின காதுக்கு அது எட்டாது, அவன் தோளிலும் தொப்பியிலும் ஒரு சொட்டு விழுந்து சத்தம் போடாது. முதுகில் சாய்ந்து, சும்மா காய்ந்துபோய், பாம்பன் வரைக்கும் போய்த் திரும்புவான். தன்னுடைய ஒரு பொய் சிநேகிதனின் கடைசிக் காதையும் பொத்தப் போகிறது என்பது தெரிந்தபோது வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தார். சீட்டை மாற்றினார், உறையைக் கிழித்தார், குருக்கள் சொன்ன பரிகாரத்தைச் செய்தார். வண்டியில்தான் கோளாறாக இருந்துவிடக்கூடாதா என்று சோமுவின் வண்டியை இரவல் வாங்கி மழையில் ஒரு சுற்றுப் போனார். போய்த் திரும்புவதற்குள் அதன் பின்சீட்டும் காய்ந்துவிட்டது. திருப்பிக் கொடுத்ததும் சோமு வண்டி பழையபடி நனைந்தது. அப்புறம் அவருக்கு, கோளாறு தன்னிடம்தான் என்பதில் ஐயமே இல்லை. சம்சாரத்திடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். அவள், என் தம்பியோடு இரண்டு நாள் போனதற்கா ஒன்பது வருஷம் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பருப்பு கடையப் போனாள்.

ஊரோ கலியமூர்த்திக்காகச் சந்தோஷப்பட்டது. ஒன்பது வருஷம் காத்திருந்ததற்கு யோகம்தான், உள்ளங்கால்கூட நனையாமல் போய்வரலாம் என்று எல்லாரும் அவரிடம் கத்திக் கத்திச் சொன்னார்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் சீட்டைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்துவிட வேண்டும் என்று கோயில் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. தவில்காரர் முகூர்த்தங்களைப் பார்த்து, இரண்டு நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சிலேட்டில் ஐப்பசி இருபத்தாறு, இருபத்தேழு இரண்டுக்கும் நேராகக் கலியமூர்த்தி என்று சோமு பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். அதைப் பார்த்த கலியமூர்த்தி சிரித்தார்.

இருபத்தாறாம் தேதி காலையில் மழை நல்ல சுதியில் பெய்தது. சோமு கடை வாசலில் குடைகளும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணிகளுமாக ஊர் நின்றது. கலியமூர்த்தி மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், ஒன்பது வருஷம் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்திருந்ததில் மடிப்பெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. உனக்கெதற்கு கோட்டு என்று யாரோ கேட்டார்கள், அது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். வைரக்கண்ணு அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தார். இவ்வளவு லேசாகவா இருக்கிறான், இதற்கா அன்றைக்கு அலுத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டார். ஊன்றுகோலைப் பழைய ட்யூபால் இடது பக்கம் கட்டினார். முன்னால் ஏறி உட்கார்ந்து, வண்டியை உதைத்தார்.

கலியமூர்த்தி தொப்பியை இழுத்துவிட்டு முகத்தை மேலே தூக்கினார். அவருக்கு நாலு பக்கமும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மேல் ஒன்றும் விழவில்லை. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் அப்படியே, டாக்டர் காதில் குழல் வைக்கும்போது உட்கார்ந்திருப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு வைரக்கண்ணுவின் தோளைத் தொட்டார்.

"சத்தமே இல்லயேடா வைரம்."

வைரக்கண்ணு இஞ்சினை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை, முன்னால் ஹாண்டில்பாரில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்குத் தான் தஞ்சாவூரில் இல்லை என்று சொன்னார்.

"கேக்கல. சத்தமா சொல்லு" என்றார் கலியமூர்த்தி.

ஒன்பது வருஷத்தில் என்றைக்குச் சொல்லியிருந்தாலும் காதோடு காதாகச் சொல்லி முடித்திருக்கலாம். இப்போது ஊர் கூடி நிற்கிற இடத்தில் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வைரக்கண்ணு கத்தினார்.

"அன்னிக்கு நான் தஞ்சாவூர்ல இல்லடா. மாமியாருக்கு ஒண்ணுமில்ல. உன் நோட்ட எடுத்துக்கிட்டு மச்சானோட போனேன். உன்னத் தூக்கி எறக்க அலுத்துக்கிட்டுப் போனேன். தொண்டியிலேந்துதான் பேசினேன். மழ கொட்டுச்சு. நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

 அஞ்சம்மாள் மட்டும், அட பாவி மனுசா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் சரியான பெயரில் யாரோ கூப்பிட்ட மாதிரி வைரக்கண்ணுவுக்கு இருந்தது.

"தொண்டி மழ ரெண்டு தடவ விழும்" என்றார் கலியமூர்த்தி, பின்னாலிருந்து, நிதானமாக. "தகரத்துல ஒண்ணு, படகுல ஒண்ணு. நீ பொத்துறதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுருச்சு."

"அப்ப ஏன்டா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கலையா?" என்றார் கலியமூர்த்தி. "வருஷா வருஷம் நோட்டத் தூக்கிட்டு வந்து, தொண்டியில எவ்வளவு நேரம் நிக்கலாம்னு ஒன்பது தடவ கேட்டனடா. வேற எப்புடிக் கேக்கறது?"

வைரக்கண்ணு ஹாண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மழையில் அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு, ஆனால் அவர் தோள் குலுங்குவதை ஊரே பார்த்தது. பயணத்தைப் போடத்தான் அவன் வருகிறான் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தது தப்பு, வந்தது தனக்கு வாயைத் திறக்க ஓர் இடம் கொடுப்பதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் டொப் என்று ஒரு சத்தம் கேட்டது. மஞ்சள் கோட்டின் தோளில் ஒரு சொட்டு. இன்னொன்று தொப்பியில். அப்புறம் முழங்காலில், ஊன்றுகோலில், சீட்டில், பிறகு எண்ண முடியாதபடி, ஒன்பது வருஷமாக எங்கேயோ தேங்கியிருந்த மழையெல்லாம் வழி கிடைத்துவிட்டதுபோலக் கலியமூர்த்தியின் மேல் இறங்கியது. அவருடைய கோட்டு ஓட்டுக்கூரையாகவும் தகரமாகவும் மாறி மாறிச் சத்தம் போட்டது. தவில்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகூர்த்தத்துக்குப் போகிற வழியில் கையோடு கொண்டுவந்திருந்த தவிலைப் போர்த்தினார். சோமு கடைக்குள் போய்ச் சிலேட்டைக் கழற்றி வைத்தார். இரண்டு நாளைக்குச் சீட்டு இல்லையே, அதற்குள் ஒரு காய்ச்சல் காயட்டும் என்று தூக்கி வந்திருந்த கூடையை அஞ்சம்மாள் முந்தானையால் மூடிக்கொண்டு, நனைந்தால் நனையட்டும், கருவாடு தண்ணீரில் இருந்ததுதானே என்றாள்.

வைரக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார். அது பிடித்துக்கொண்டது. ஆனால் கிளம்ப முடியவில்லை, பின்னால் இருப்பவனிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில், அறுந்த கம்பியை ஒட்டிவிட்டுக் கம்பத்து மேலிருந்து கேட்கிற மாதிரி, திரும்பாமலே கேட்டார்.

"கேக்குதா?"

பின்னால் பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. காது இந்த நேரம் பார்த்து அடைத்துவிட்டதா, இல்லை இனி இவனோடு பேச்சே இல்லை என்று முடிவு செய்துவிட்டானா என்று வைரக்கண்ணு கிடுகிடுத்துப்போனார். மூன்று தடவை மூச்சு விடுகிற நேரம் போயிற்று.

"கேக்குது" என்றார் கலியமூர்த்தி. "கோவம் இன்னும் போவல. தொண்டி வரைக்கும் பேசாத. வண்டிய எடு."